தோட்டாக் கூடு துலக்கும் அதிர்வு டம்ப்ளர்: நெடுநாள் உழைக்க வைப்பதும் பழுது கண்டறிவதும்

சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் புதிய மருந்தும் குண்டும் இட்டு மறுநிரப்புவதற்கு முன் துலக்கித் தரும் அதிர்வு டம்ப்ளர், பெயரளவில் நீர் குடிக்கும் டம்ளரை நினைவூட்டினாலும், வேலையளவில் ஒரு விசித்திரமான இயந்திரம். மற்ற இயந்திரங்களில் அதிர்வு என்பது குறை. அதைக் குறைக்கவே வடிவமைப்பாளர்கள் பாடுபடுவார்கள். இதிலோ அதிர்வுதான் வேலையே. மோட்டார், அதைத் தாங்கும் திருகுகள், மின்கம்பி, கிண்ணம் ஆகிய எல்லாம் மணிக்கணக்கில் தம்மைத் தாமே குலுக்கிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இது பழுதாகும் வழிகள் பெரும்பாலும் இரண்டே: ஏதோ ஒன்று தளர்கிறது அல்லது ஏதோ ஒன்று சூடேறுகிறது. “மோட்டார் எரிந்துவிட்டது” என்று சொல்லி என்னிடம் தரப்பட்ட டம்ப்ளர்கள் பலவற்றில் மோட்டாரின் சுற்று நல்ல நிலையிலேயே இருந்தது; அறுந்த கம்பியோ, உலர்ந்த பேரிங்கோ, தளர்ந்த எடையோதான் காரணமாக இருந்தது. இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன் அதன் சூட்டையும் ஒலியையும், கூடுகளைத் தேய்த்துத் துலக்கக் கிண்ணத்தில் போடும் துகள்களின் ஓட்டத்தையும் கவனிக்கப் பழகினால், பழுதின் இடம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

மறுநிரப்பல் பல நாடுகளில் உரிமத்துக்கு உட்பட்டது. அந்த விதிகளை வாசகர் அறிந்திருப்பதாகக் கொண்டே இங்கு கருவியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உள்ளமைப்பு

கிண்ணம் ஒன்று, நான்கோ அதற்கு மேலோ ஸ்பிரிங்குகளின் மீது, சில மாதிரிகளில் ரப்பர்த் தாங்கிகளின் மீது, அடிப்பெட்டியில் அமர்ந்திருக்கிறது. கிண்ணத்தின் அடியில் ஒரு சிறிய மோட்டார் திருகப்பட்டிருக்கும். அதன் தண்டில் மையம் விலகிய ஓர் எடை பொருத்தப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது எடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே சுற்றுவதால் கிண்ணம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை சிறு வட்டத்தில் ஆடுகிறது. ஸ்பிரிங்குகள் அந்த ஆட்டத்தை அடிப்பெட்டிக்குப் போகாமல் தடுக்கின்றன. கிண்ணத்தின் நடுவில் கூம்பாக எழும் பகுதியைச் சுற்றித் துகள்களும் கூடுகளும் ஒரே சமயத்தில் வட்டமாக நகர்ந்தும் மேலிருந்து கீழாகப் புரண்டும் ஓடுவது, கிண்ணத்தின் வடிவமும் இந்த ஆட்டமும் சேர்ந்து உண்டாக்கும் விளைவு.

மோட்டார் பெரும்பாலும் நிழல்துருவ வகையைச் சேர்ந்த தூண்டல் மோட்டார். இதில் கார்பன் பிரஷ் இல்லை, கெபாசிட்டர் இல்லை. ஆகவே கெடுவதற்குரிய பாகங்கள் குறைவு. ஆனால் மின்சாரத்தை வேலையாக மாற்றும் திறமையில் மோட்டார் வகைகளுள் இது கடைசி வரிசையில் நிற்பது. வாங்கும் மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சூடாகவே வெளிவிடுகிறது. அந்தச் சூட்டுக்கு வெளியேறும் வழி இருக்கிறதா என்பதே இந்த இயந்திரத்தின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பெரிய கிண்ணங்களைக் கொண்ட சில மாதிரிகளில் கெபாசிட்டருடன் கூடிய மோட்டார் இருக்கலாம். அப்படியானால் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை மனத்தில் கொண்டு, அதை முறைப்படி இறக்கிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

சூடு

இயங்கும் டம்ப்ளரின் அடிப்பகுதி கைக்குச் சூடாகத் தெரிவது இயல்பு; கையை வைத்திருக்க முடியாத அளவுக்குக் கொதிப்பதும் எரிந்த வார்னிஷ் வாடை வருவதும் இயல்பல்ல. சத்தத்தை அடக்குவதற்காக இயந்திரத்தைப் போர்வையால் மூடுவதும் மரப்பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் நான் அடிக்கடி காணும் தவறுகள். அடிப்பெட்டியின் காற்றுத் துளைகள் தரைவிரிப்பிலோ மென்மையான பஞ்சுத் திண்டிலோ புதைந்து அடைபட்டாலும் இதே விளைவுதான். பெட்டிக்குள் வைத்தே தீர வேண்டும் என்றால், எதிரெதிர்ப் பக்கங்களில் பெரிய துளைகள் இட்டு, ஒரு சிறு விசிறியால் காற்றைத் தள்ள வேண்டும். வெளியில் வைத்து ஓட்டுபவர்கள்கூட ஒரு சாதாரண மேசை விசிறியை அடிப்பெட்டியை நோக்கித் திருப்பி வைத்தால் போதும்; மோட்டாருக்கு இதைவிட எளிய உதவி வேறில்லை.

அடுத்தது ஓட்டும் நேரம். சுடும்போது படிந்த கரியும் கூட்டின் வெளிப்புறத்தில் ஒட்டிய மண்ணும் நீங்க, நல்ல துகளில் 2 முதல் 4 மணி நேரம் பொதுவாகப் போதுமானது. கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்று இரவு முழுவதும் ஓட விட்டுத் தூங்கப் போவதில் கூட்டுக்கு எந்த நன்மையும் இல்லை. டையில், அதாவது கூட்டை மீண்டும் உரிய அளவுக்கு அழுத்தும் அச்சில், கீறல் விழாத அளவுக்குத் தூய்மையாக இருந்தால் கூடு மறுநிரப்பத் தகுதியானது. மினுமினுப்பு என்பது நம் கண்ணின் திருப்திக்காக மட்டுமே. நேரம் குறித்துத் தானாக அணையும் டைமர் சுவிட்சு ஒன்றைப் பொருத்திவிடுவது, மறதியால் மோட்டார் வீணாகத் தேய்வதைத் தடுக்கும். ஆளில்லாத வீட்டில் இதை ஓட விடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரத்தின் அலைவெண்ணும் சூட்டோடு தொடர்புடையது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்ட டம்ப்ளரை, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்டுகிறவர்கள், மின்னழுத்தம் சரியாகிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் அலைவெண்ணை மாற்றுவதில்லை. தூண்டல் மோட்டாரின் வேகம் அலைவெண்ணைப் பின்பற்றுவதால் அது ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்காகக் குறைகிறது. மையம் விலகிய எடையின் இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், குலுக்கும் விசை 30 சதவீதத்துக்கும் சற்று மேலாகக் குறைந்துவிடுகிறது. இதற்கிடையில், அதே மின்னழுத்தம் குறைந்த அலைவெண்ணில் வருவதால் இரும்புக் கருவில் காந்தப்பாயம் மிகுந்து, மோட்டார் கூடுதலாகச் சூடேறுகிறது. வேலை குறைவு, சூடு அதிகம் என்ற இரட்டை இழப்பு இது. அத்தகைய மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 100 வோல்ட் அளவே கொடுத்தால் சூடு கட்டுக்குள் வரும். குலுக்கலின் குறைவு அப்போதும் தீராது. அந்தந்த நாட்டு மின்சாரத்துக்கென்று செய்யப்பட்ட மாதிரியை வாங்குவதே முறையான வழி. நேர்மாறாக, 50 ஹெர்ட்ஸ் இயந்திரத்தை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் குலுக்கும் விசை ஏறக்குறைய 1.44 மடங்காகி, ஸ்பிரிங்குகளும் திருகுகளும் எதிர்பாராத பாரத்தைச் சுமக்க நேரிடும்.

சுமை

கிண்ணத்தில் எவ்வளவு போடலாம் என்பதை இயந்திரத்துடன் வரும் கையேடு எடைக்கணக்கில் சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். சொல்லாத இடத்தில், துகளும் கூடும் சேர்ந்து கிண்ணத்தின் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை நிரம்பினால் போதும். கன அளவில் கூட்டைப் போல் இரு மடங்கு துகள் இருப்பது நல்லது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மஞ்சள் நிறக் கூடுகளுக்கிடையே நிக்கல் பூசிய வெள்ளைக் கூடு ஒன்றைப் போட்டு, மூடியைச் சற்று நேரம் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். அது மூழ்கி, சிறிது நேரத்தில் வேறோர் இடத்தில் மீண்டும் மேலே எழுந்தால் ஓட்டம் சரி. மூழ்கியது வெளிவராமலே போனாலோ, மேலேயே நின்று நடுங்கிக்கொண்டிருந்தாலோ சுமை மிகுந்துவிட்டது, அல்லது துகள் ஈரமாக இருக்கிறது என்று பொருள். அப்போது நேரத்தைக் கூட்டக் கூடாது. சுமையைக் குறைக்க வேண்டும்.

எஃகு ஊசிகளைக் கொண்டு ஈரமுறையில் துலக்குவது சுழல் உருளை வகை இயந்திரத்துக்கு உரியது. அந்த ஊசிகளின் எடை சாதாரண அதிர்வு டம்ப்ளரின் ஸ்பிரிங்குகளுக்கும் மோட்டாருக்கும் ஒவ்வாது. ஈரப்பொருளுக்கு ஏற்றது என்று கையேட்டில் தெளிவாகச் சொல்லப்படாத கிண்ணத்தில் திரவம் எதையும் ஊற்றக் கூடாது. மூடியைப் பிடித்திருக்கும் நடுத்தண்டு கிண்ணத்தில் இறங்கும் துளைக்கு நேர் கீழேதான் மோட்டார் இருக்கிறது.

துகளும் பாலிஷும்

மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கையை நொறுக்கிய துகள் மென்மையானது, பளபளப்புத் தருவது. வால்நட் ஓட்டுத் துகள் கடினமானது. கரியை விரைவாக எடுப்பது, ஆனால் தூசு கிளப்புவதும் அதுவே. இரண்டையும் கலந்து பயன்படுத்துவதில் தவறில்லை. துகளின் பருமன் குறித்து ஓர் எச்சரிக்கை: பாக்சர் வகைக் கூட்டின் (அடியின் நடுவில் ஒரே துளை உடையது) தீத்துளை, அதாவது பிரைமர் என்னும் தீமூட்டியின் சுடர் மருந்துக்குச் செல்லும் துளை, ஏறக்குறைய 2 மி.மீ. விட்டம் உடையது, அந்த அளவுள்ள துகள் அதில் சரியாகச் சிக்கி அமரும். பழைய பிரைமரை எடுத்த பிறகு துலக்குபவர்கள் ஒவ்வொரு தீத்துளையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பிரைமரை எடுப்பதற்கு முன்பே துலக்கினால், பின்னர் பிரைமரைத் தள்ளும் ஊசியே தீத்துளையைத் திறந்துவிடும். அந்தக் காரணத்துக்காகவே உலர் துகளில் துலக்கும்போது நான் இந்த வரிசையை விரும்புகிறேன்.

பாலிஷ் திரவத்தைக் கூடுகளின் மேல் நேரடியாக ஊற்றினால் அது துகளுடன் சேர்ந்து கட்டியாகிக் கூடுகளுக்குள் களிமண்போல் அடைத்துக்கொள்ளும். கிண்ணத்தின் சமநிலையும் கெடும். முதலில் துகளை மட்டும் போட்டு இயந்திரத்தை ஓட்டி, பாலிஷைச் சிறிது சிறிதாகச் சுற்றிலும் தெளித்து, கட்டிகள் உடைந்து துகள் மீண்டும் உதிரியாகும் வரை 15 அல்லது 20 நிமிடம் காத்திருந்து, அதன் பின்பே கூடுகளைச் சேர்க்க வேண்டும். கழுவிய கூடுகளை முற்றிலும் உலர்த்தாமல் போடுவதும் இதே கட்டி நோயைத்தான் உண்டாக்கும்.

அம்மோனியா கலந்த உலோக பாலிஷைத் தோட்டாக் கூடுகளுக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. தோட்டாப் பித்தளை என்பது ஏறக்குறைய 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த உலோகம்; குளிர்நிலையில் இழுத்து வடிவமைக்கப்படுவதால் அதற்குள் தகைவு தங்கியிருக்கும். அந்தத் தகைவும் அம்மோனியாவும் சேர்ந்தால் பித்தளை விரிசல் விடும். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள், குறிப்பாகக் குண்டை இறுகப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில், வெடித்திருக்கக் கண்டார்கள். பருவகாலத்தோடு தொடர்புபடுத்தி அதற்குப் ‘பருவ விரிசல்’ என்றே பெயரிட்டார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவே காரணம் என்பதை மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் 1921-இல் விளக்கினர். லாயத்தின் காற்றே இவ்வளவு செய்யுமென்றால், கூட்டின் மேல் நேரே தேய்க்கும் திரவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கிண்ணத்தில் போடும் முன் கூடுகளைப் பிரித்துப் பார்ப்பது நேர விரயம் அல்ல. பெரிய கூட்டுக்குள் சிறிய கூடு நுழைந்து சிக்கிக்கொண்டால் இரண்டும் துலங்காது, பிரிப்பதும் கடினம். வெடிக்காத தோட்டாவோ பயன்படுத்தாத பிரைமரோ கலந்திருக்கவே கூடாது. இந்த இயந்திரம் வெற்றுக் கூடுகளுக்கு மட்டுமே உரியது.

தூசைப் பற்றி

மறுநிரப்பலில் கைக்குத் தெரியாமல் உடலுக்குள் போகும் நஞ்சுகளில் முதன்மையானது ஈயம். வழக்கமான பிரைமர்களில் ஈய ஸ்டிஃப்னேட் இருப்பதால், சுட்ட கூட்டிலிருந்து உதிரும் கரியில் ஈயச் சேர்மங்கள் உள்ளன; டம்ப்ளர் அவற்றை நுண்தூசாக அரைத்துத் துகளோடு கலந்துவிடுகிறது. ஆகவே மூடியை மூடியே ஓட்ட வேண்டும். நான் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்ன சோதனையையும் புதிய துகளில், காற்றோட்டமுள்ள இடத்தில் செய்வது நல்லது. கூடுகளையும் துகளையும் சலித்துப் பிரிக்கும் நேரமே தூசு மிகுதியாக எழும் நேரம் என்பதால், மூடிய சல்லடை உருளையைப் பயன்படுத்தி, நுண்தூசு தடுக்கும் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, வீட்டுக்கு வெளியே செய்வது சிறந்தது. சமையலறையும் குழந்தைகள் விளையாடும் இடமும் இதற்கு ஆகாது. சிந்திய தூசைத் துடைப்பத்தால் பெருக்கினாலோ சாதாரண வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினாலோ அது காற்றில்தான் பரவும். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை ஒதுக்கிவிட வேண்டும். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கை கழுவ வேண்டும்.

ஒவ்வொரு முறையும் சமையலறைத் தாள்துண்டு ஒன்றை நான்கைந்து கீற்றாகக் கிழித்துத் துகளோடு போட்டால், தூசில் ஒரு பகுதி அதில் ஒட்டிக்கொள்ளும். கீற்றுகள் கறுத்து வெளிவருவதைப் பார்த்தாலே அவை செய்யும் வேலை விளங்கும். துகள் முழுவதும் சாம்பல் நிறமாகி, கைப்பிடி எடுத்து விட்டால் தூசு மேகம் எழுமானால் அதன் காலம் முடிந்தது. தூசு குறைந்த துகள் நுரையீரலுக்கு மட்டுமல்ல, மோட்டாருக்கும் நல்லது. பேரிங்கின் எண்ணெயைக் குடித்து அதைப் பசையாக மாற்றுவது அதே தூசுதான்.

பழுது கண்டறிதல்

எந்தச் சோதனைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டும். மின் வேலையில் பழக்கம் இல்லாதவர் கீழ்க்கண்டவற்றில் மின்சாரம் தொடர்பானதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே தகும்.

இயந்திரத்தில் எந்தச் சலனமும் இல்லை என்றால், சுவர்ச் செருகியில் மின்சாரம் இருக்கிறதா என்று வேறொரு சாதனத்தைக் கொண்டு பார்த்துவிட்டு, முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்கம்பியை. அடிப்பெட்டிக்குள் நுழையும் இடத்திலும், அசையாத பெட்டியிலிருந்து ஆடும் மோட்டாருக்குத் தாவும் இடத்திலும் அது இடைவிடாமல் வளைந்து நிமிர்வதால், வெளிக்காப்பு நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, கம்பியை அந்த இடத்தில் மெல்ல வளைத்துக்கொண்டே பார்த்தால் ஒலி விட்டுவிட்டு வருவது தெரியும். அறுந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றுவது சில நாள் கூடத் தாங்காது; கம்பியை முழுதாக மாற்றி, மோட்டாருக்குப் போகும் பகுதியில் சிறிது தளர்வு விட்டு, இரு முனைகளிலும் இழுப்பு விழாதபடி பிடிப்பானால் கட்ட வேண்டும். நிலக்கம்பி இருந்தால் அதை மறக்காமல் இணைக்க வேண்டும். கம்பிக்கு அடுத்துச் சுவிட்சு. அதிர்வில் அதன் தொடர்பு முனைகள் தீய்வதுண்டு.

கம்பியும் சுவிட்சும் நன்றாக இருந்தால் மோட்டார்ச் சுற்றின் மின்தடையை அளக்க வேண்டும். இத்தகைய சிறு மோட்டாரில் அது பொதுவாகச் சில பத்து ஓம் அளவில் இருக்கும். சுற்றுக்கும் மோட்டாரின் உலோக உடலுக்கும் இடையே தொடர்ச்சி காட்டினால் அந்த மோட்டாரைப் பயன்படுத்தவே கூடாது. சுற்று முற்றிலும் திறந்திருப்பதாக மீட்டர் காட்டினாலும் உடனே மோட்டாரைத் தூக்கி எறிய வேண்டாம். சுற்றின் மேல் ஒட்டிய டேப்புக்கு அடியில் வெப்ப ஃபியூஸ் ஒன்று மறைந்திருக்கலாம். ஒருமுறை அளவு மீறிச் சூடேறினால் அது நிரந்தரமாகத் துண்டித்துக்கொள்ளும். அதன் உடலில் அச்சிட்டுள்ள அதே வெப்ப அளவும் மின்னோட்ட அளவும் உள்ள ஃபியூஸையே மாற்ற வேண்டும். சால்டரிங் சூட்டிலேயே புது ஃபியூஸ் போய்விடும் என்பதால், அழுத்தி இறுக்கும் இணைப்பானைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. ஃபியூஸை நீக்கிக் கம்பியை நேரடியாக இணைப்பவர்கள் உண்டு. தீப்பிடிப்பதற்கு இயந்திரத்தில் இருந்த ஒரே தடையை அவர்கள் எடுத்துவிடுகிறார்கள். புது ஃபியூஸும் விரைவில் போனால், சூட்டின் மூலகாரணம் தீரவில்லை என்று பொருள்.

ஒரு மணி நேரம் ஓடி நின்று, ஆறிய பின் தானே மீண்டும் ஓடத் தொடங்கும் இயந்திரத்தில் இருப்பது தானாக மீளும் வெப்பத் துண்டிப்பான். அது தன் கடமையைச் செய்கிறது. சுமை, காற்றுத் துளை, பேரிங் ஆகியவற்றை இந்த வரிசையில் பார்க்க வேண்டும். பிளக் செருகியிருக்கும்போது அது எந்த நொடியிலும் ஓடத் தொடங்கலாம் என்பதால், நின்றுவிட்டது என்று நினைத்து உள்ளே கை விடக் கூடாது.

மோட்டார் ரீங்கரிக்கிறது, ஆனால் சுழலவில்லை. அல்லது கையால் தள்ளிவிட்டால் மெல்லச் சுழல்கிறது. இதுதான் மிக எளிதில் குணமாகும் பழுது. நிழல்துருவ மோட்டாரின் தொடக்க விசை மிகவும் பலவீனமானது. பேரிங் சிறிது பிடித்தாலும் அதனால் கிளம்ப முடியாது. தண்டை விரலால் சுற்றிப் பார்த்தால் கனமான எடை கீழ்நோக்கித் தானாகச் சரிந்து, ஊசலாடி நிற்க வேண்டும். விட்ட இடத்திலேயே நின்றால் பேரிங்குக்கு எண்ணெய் வேண்டும்.

ஓடுகிறது, ஆனால் துகள் நகரவில்லை என்றால், சுமையும் ஈரமும் காரணம் அல்ல என்று உறுதி செய்த பின், மையம் விலகிய எடையைப் பார்க்க வேண்டும். அதைத் தண்டில் பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) தளர்ந்தால் தண்டு சுழலும், எடை பின்தங்கும்; கூடவே உலோகம் உரசும் ஒலியும் வரும். ஸ்க்ரூவைக் கழற்றி, அதன் மரையையும் தண்டின் தட்டையான முகத்தையும் துடைத்து, நடுத்தர வலுவுள்ள மரைப்பூட்டுப் பசை ஒரு சொட்டு இட்டு இறுக்க வேண்டும். இந்தப் பசை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டுமே; சில பிளாஸ்டிக் வகைகளில் இது விரிசல் உண்டாக்கும் என்பதால் கிண்ணத்தில் படக் கூடாது. எடையில் இரண்டு தகடுகள் இருந்து அவற்றின் கோணத்தை மாற்ற முடியுமானால், கழற்றும் முன் அவை இருந்த நிலையைக் கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிண்ணம் ஒரு பக்கம் சாய்ந்தோ, துகள் ஒரே பக்கத்தில் குவிந்தோ இருந்தால் ஸ்பிரிங்குகளில் ஒன்று இருக்கையிலிருந்து நழுவியிருக்கும் அல்லது உடைந்திருக்கும். உடைந்தது ஒன்றே ஆனாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையவை தளர்ந்து குட்டையாகியிருக்கும், புதியதோடு அவை ஒத்து நிற்காது.

புதிதாகத் தோன்றும் கடகடச் சத்தத்துக்கு மூடியின் காது நட்டும் நடுத்தண்டின் அடி நட்டும் முதற்காரணங்கள். மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்கும்போது சத்தம் நின்றால் விடை கிடைத்தது. நிற்காவிட்டால் மோட்டாரைக் கிண்ணத்தோடு பிடித்திருக்கும் திருகுகளைப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தளர்ந்து கவனிக்கப்படாமல் போனால், மற்றவை ஒவ்வொன்றாக ஒடியும். என் முதல் இயந்திரம் அப்படித்தான் போனது: சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு மாதம் ஓட்டினேன், கடைசியில் மோட்டார் கழன்று அடிப்பெட்டியில் விழுந்தது.

இயந்திரம் மேசையில் நடந்து போகுமானால், ரப்பர்க் கால்கள் தேய்ந்திருக்கும் அல்லது மேசை சமமாக இராது. தடித்த ரப்பர்த் தகடு ஒன்றின் மேல் வைத்து, காற்றுத் துளைகள் திறந்திருப்பதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

எண்ணெய் இடுதல்

நிழல்துருவ மோட்டாரின் தண்டு பெரும்பாலும் துகளுலோக வெண்கலப் புஷ்களில் சுழல்கிறது; மேலே பேரிங் என்றது இவற்றையே. இவை நுண்துளைகளில் எண்ணெயைச் சேமித்து வைத்திருப்பவை. சுற்றிலும் எண்ணெய் ஊறிய கம்பளி வளையம் இருப்பதும் உண்டு. சூட்டில் அந்த எண்ணெய் மெல்ல மெல்லத் தீரும். அப்போது ஒவ்வொரு முனையிலும் தண்டு புஷ்ஷுக்குள் நுழையும் இடத்திலும், கம்பளி தெரிந்தால் அதிலும், மின்மோட்டாருக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு இட வேண்டும். துரு இளக்கும் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்துவது பொதுவான தவறு. அது எஞ்சிய எண்ணெயையும் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். மோட்டார் ஒரு நாள் மகிழ்ச்சியாக ஓடி மறுநாள் முன்னைவிட இறுகும். கிரீஸும் ஆகாது, ஏனெனில் அது நுண்துளைகளுக்குள் ஊறாது.

கறுத்த பசை சேர்ந்திருந்தால், எண்ணெய் விடுவதற்கு முன் மோட்டாரைக் கழற்றித் துடைக்க வேண்டியிருக்கும். இரு முனைகளிலும் தண்டைத் தாங்கும் உலோகப் பாலங்களைக் கழற்றும்போது, எது எந்தப் பக்கம், எத்தனை வாஷர், எந்த வரிசை என்று படம் எடுத்துக்கொள்வது பிறகு தலைவேதனையைத் தவிர்க்கும். திரும்பப் பூட்டும்போது இரண்டு திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் தண்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிடித்தால் பாலத்தை மரச்சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்டினால் புஷ்கள் தம் நேர்க்கோட்டைக் கண்டுகொள்ளும். தண்டு பக்கவாட்டில் ஆடும் அளவுக்குப் புஷ் தேய்ந்துவிட்டிருந்தால் எண்ணெயால் பயனில்லை. மோட்டாரை மாற்றுவதே வழி. மாற்று மோட்டாரில் மின்னழுத்தமும் அலைவெண்ணும் மட்டுமல்ல, தண்டின் விட்டமும் நீளமும் திருகுத் துளைகளின் இடைவெளியும் ஒத்திருக்க வேண்டும்.

கிண்ணத்தின் விரிசல்

விரிசல் ஏறக்குறைய எப்போதும் நடுத்துளையைச் சுற்றியோ மோட்டார்த் திருகுகளைச் சுற்றியோ தொடங்கும். நட்டை மிகையாக இறுக்குவது ஒரு காரணம். தளர விடுவது மற்றொன்று. கிண்ணங்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் போன்ற பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதால், சாதாரணப் பசைகள் அவற்றில் ஒட்டுவதில்லை. விரிசலின் நுனியில் 3 மி.மீ. துளை ஒன்று இட்டால் அது மேலும் ஓடுவது தடைப்படும். அதன்பின் உள்ளும் புறமும் அகலமான உலோக வாஷர்களை, பிளாஸ்டிக்கில் படும் பக்கம் மெல்லிய ரப்பர்த் தகடு வைத்து, நைலான் வளையமுள்ள நட்டால் இறுக்கினால், கிண்ணம் இன்னும் நெடுங்காலம் உழைக்கும். விரிசல் பக்கச் சுவருக்கு ஏறிவிட்டால் புதுக் கிண்ணம் வாங்குவதே முறை. அதற்குள்ளிருந்து கசிவது ஈயத் தூசு.

பழுது நீக்கிய பின் வெறும் கிண்ணத்தோடு ஓட்டிப் பார்க்கக் கூடாது. சுமை இல்லாத கிண்ணம் அளவு மீறி ஆடி, ஸ்பிரிங்குகளை இருக்கையிலிருந்து எறிந்துவிடலாம். பாதியளவு துகள் இட்டு அரை மணி நேரம் ஓட்டி, அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்து, பிளக்கைப் பிடுங்கி, எல்லாத் திருகுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். அடுத்த பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் அதே திருகுகளை இன்னொரு முறை பார்த்தால், எது தளரும் இயல்புடையது என்று தெரிந்துவிடும். அதற்கு மட்டும் ஒரு சொட்டுப் பசை இட்டால் போதும்.